பழி போய்ச் சேராத கதை: லாக்லோவின் ‘ஆபத்தான உறவுகள்’

பழிவாங்கும் கதை எதைப் படித்தாலும் கடைசியில் ஒரு கணக்குப் பார்ப்பது என் வழக்கம். யாரைப் பழிவாங்கணும்னு கிளம்பினாங்களோ, அந்த ஆள் கடைசியில் என்ன ஆனான்? அலெக்சாந்தர் துமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’ நாவலில் இந்தக் கணக்கு ரொம்பச் சுத்தமா இருக்கும். மூணு துரோகிகள். ஒருத்தன் தற்கொலை செய்துகொள்கிறான், இன்னொருத்தனுக்குப் புத்தி பேதலிக்கிறது, மூன்றாமவன் சொத்தெல்லாம் இழந்து, தலை வெளுத்து, மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகிறான். வரவும் செலவும் நேராகிவிடும். வாசகனும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம்.

இந்தக் கணக்கே பொருந்தாத ஒரு பழிவாங்கல் கதையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஷோதெர்லோ த லாக்லோ என்ற பிரெஞ்சு பீரங்கிப்படை அதிகாரி 1782-இல் வெளியிட்ட ‘ஆபத்தான உறவுகள்’. ஆங்கிலத்தில் ‘டேஞ்சரஸ் லியேஸன்ஸ்’ என்றால் சினிமா பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். பொறாமை, துரோகம், ஆளை ஆட்டிவைப்பது எல்லாம் கலந்த இருண்ட காதல் கதைகள் என்று இன்றைக்கு ஓ.டி.டி.யிலும் இணைய நாவல்களிலும் வருகிறதே, அவற்றில் பாதிக்கு இதுதான் கொள்ளுப்பாட்டி. கதை முழுக்கச் சொல்லப் போகிறேன், முடிவு உட்பட. படிக்காதவர்கள் விரும்பினால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாவல் முழுக்கக் கடிதங்கள். மொத்தம் 175. முதல் கடிதம் ஆகஸ்ட் 3, கடைசிக் கடிதம் ஜனவரி 14. ஐந்தரை மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பாரிஸில் மெர்த்தோய் சீமாட்டி என்று ஒரு இளம் விதவை. ஊரில் ஒழுக்கத்துக்குப் பேர்போனவள். அவளுடைய ரகசியக் காதலன் ஜெர்கூர் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போகிறான். அந்த வேறொருத்தி அப்போது யாருடன் இருந்தாள்? வால்மோன் என்ற பிரபுவுடன். அவள் வால்மோனைக் கழற்றிவிட்டு ஜெர்கூரிடம் வருகிறாள். ஆக, இப்படிக் கைவிடப்பட்ட ரெண்டு பேர், மெர்த்தோயும் வால்மோனும், ஒருத்தரையொருத்தர் தேற்றிக்கொள்ளப் போய்க் கொஞ்ச காலம் காதலர்களாகிறார்கள். பிறகு பிரிந்து நண்பர்களாகிவிடுகிறார்கள். ‘நண்பர்கள்’ என்ற வார்த்தையை இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடயே வெச்சுக்குங்க.

இப்போது ஜெர்கூருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் செசில் வோலான்ஜ், பதினைந்து வயது, கன்னிமாடத்தில் வளர்ந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள். கன்னிமாடத்துப் பெண் என்றால் கற்புக்கு உத்தரவாதம் என்பது ஜெர்கூரின் நம்பிக்கை. மெர்த்தோயின் திட்டம் எளிமையானது, கொடூரமானது: கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தப் பெண்ணைக் கெடுத்துவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு விஷயம் வெளியே கசிந்து ஊர் ஜெர்கூரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இதுக்கு வால்மோனைக் கூப்பிடுகிறாள். அவன் முதலில் மறுக்கிறான். சின்னப் பெண்ணை ஏமாற்றுவதில் என்ன பெருமை? அவன் கண் வேறிடத்தில் இருக்கிறது. அத்தையின் கிராமத்து மாளிகையில் தங்கியிருக்கும் தூர்வேல் சீமாட்டி. நீதிபதியின் மனைவி, தெய்வபக்தி, கணவன் ஒரு வழக்குக்காக வெளியூரில். அவளை, அவளுடைய பக்தி அப்படியே இருக்க, விழ வைக்க வேண்டும் என்பது அவன் லட்சியம்.

இதெல்லாம் கதைச்சுருக்கத்தில் கேட்டால் ஏதோ மலிவான மெகா தொடர் மாதிரி இருக்கும். நாவலின் பலம் சம்பவங்களில் இல்லை. ஒரு பொய் எப்படி வேலை செய்கிறது என்பதை லாக்லோ பிரித்துக் காட்டுகிற விதத்தில் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்த, பிடித்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிற, உதாரணம் 63-ஆம் கடிதம். செசிலுக்குச் சங்கீதம் சொல்லித்தர வரும் இளைஞன் தான்சனிக்கும் அவளுக்கும் ஒரு பிள்ளைக்காதல். ரகசியக் கடிதங்கள் போய்வருகின்றன. ஆனால் தான்சனி ரொம்ப மரியாதைக்காரன், கடிதத்தைத் தாண்டி எதுவும் நடப்பதாக இல்லை. மெர்த்தோய்க்குப் பொறுமை போகிறது. என்ன செய்கிறாள்? நேராகச் செசிலின் அம்மாவிடமே போய், உங்க பெண்ணுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் ஏதோ இருக்கிற மாதிரி படுகிறது, மேஜை அறையில் கடிதங்கள் இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறாள். அம்மா தேடிக் கண்டுபிடிக்கிறாள். வீட்டில் ரகளை. மறுநாள் அம்மா மெர்த்தோயிடம் அழுகிறாள், எவ்வளவு நல்ல தோழி நீ என்று. மகளும் மெர்த்தோயிடமே அழுகிறாள், நீங்கதான் எனக்குத் துணை என்று. தீ வைத்தவளிடமே ரெண்டு பேரும் தண்ணீர் கேட்டு வருகிறார்கள். அதோடு விட்டாளா? பெண்ணைக் கொஞ்ச நாள் ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அம்மாவுக்கு யோசனை சொல்கிறாள். எங்கே? வால்மோன் தங்கியிருக்கிற அதே அத்தை வீட்டுக்கு.

சிண்டு முடிவது என்று நம்ம ஊரில் சொல்வோமே, அதன் உச்சகட்டம் இது. சாதாரணமாகக் கோள் சொல்கிறவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள், அதனால் மாட்டிக்கொள்வார்கள். மெர்த்தோய் ரெண்டு பக்கமும் உண்மையைத்தான் சொல்கிறாள் என்பதைக் கவனியுங்கள். கடிதங்கள் இருந்தது உண்மை. அம்மா கோபப்பட்டது உண்மை. பெண்ணை வெளியூர் கூட்டிப்போவதும் நியாயமான யோசனைதான். பொய் என்று தனியாக எடுத்துக் காட்ட ஒரு வாக்கியம்கூட இல்லை. ஒவ்வொருத்தருக்கும் எந்த உண்மை, எந்த நேரத்தில் போய்ச் சேரணும் என்கிற கட்டுப்பாடுதான் அவள் ஆயுதம்.

வால்மோனின் முறை வேற மாதிரி. தூர்வேல் தன் வேலைக்காரனை விட்டு அவனைக் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே பக்கத்துக் கிராமத்தில் வரி கட்ட முடியாமல் சாமான்கள் பறிபோகிற ஒரு ஏழைக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து, அந்த 56 லீவ்ரையும் தானே கட்டுகிறான். ஒற்றன் பார்க்கிறான். விஷயம் தூர்வேல் காதுக்குப் போகிறது. அவளும் புளகாங்கிதமடைந்து தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள். இதுவரைக்கும் ஒரு அயோக்கியனின் தந்திரம். ஆனால் லாக்லோ ஒரு சின்ன வரி சேர்க்கிறார்: அந்தக் குடும்பம் காலில் விழுந்து அழும்போது வால்மோனுக்கே கண் கலங்குகிறது, நல்லது செய்வதில் இப்படி ஒரு சுகம் இருக்கா என்று அவனே ஆச்சரியப்படுகிறான். அடுத்த நொடி அதையும் கிண்டலாக்கிவிடுகிறான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடித வடிவம் என்றதும் பழைய பாணி, மெதுவாகப் போகும் என்று ஒரு பயம் வரும். உண்மையில் இந்த நாவலின் கொடூரமே அந்த வடிவத்தில்தான் இருக்கு. ஒரே கடிதம் ரெண்டு பேருக்கு ரெண்டு அர்த்தம். 48-ஆம் கடிதம் இதற்குப் பேர்போனது. வால்மோன் எமிலி என்ற தாசியோடு இரவைக் கழிக்கிறான்; அவள் முதுகையே மேஜையாக வைத்துத் தூர்வேலுக்கு உருக்கமான காதல் கடிதம் எழுதுகிறான். தன் பரவசம், தூக்கமில்லாத இரவு, தான் எழுதுகிற இந்த மேஜையின் புனிதம் என்று ஒவ்வொரு வரியும் இரட்டைப் பொருளில் போகிறது. அந்தக் கடிதத்தை முதலில் மெர்த்தோய்க்கு அனுப்பி, படித்துச் சிரித்துவிட்டுப் பாரிஸ் முத்திரையோடு தபாலில் சேர்க்கச் சொல்கிறான். நமக்கு முந்தைய கடிதத்திலேயே உண்மை தெரிந்துவிடுகிறது. அதனால் 48-ஐப் படிக்கும்போது நாமும் சிரிக்கிறோம். தூர்வேல் அதைப் படித்து உருகப்போகிறாள் என்று தெரிந்தும் சிரிக்கிறோம். எல்லாருடைய கடிதத்தையும் படிக்கிற ஆள் இந்த நாவலில் நாம் மட்டும்தான். மெர்த்தோய்க்கும் வால்மோனுக்கும் அடுத்து மூணாவது கூட்டாளி வாசகன்தான். இன்றைக்கு யாரோ ஒரு பெண் நம்பி அனுப்பிய செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டுச் சிரிக்கிறார்களே, அந்தக் குழுவில் நம்மையும் உட்கார வைத்துவிடுகிறார் லாக்லோ.

சிரிப்பு நிற்கிற இடம் செசில். அத்தை வீட்டில், தான்சனியின் கடிதத்தைக் கொண்டுவந்து தருவதற்கென்று சொல்லி வாங்கிய சாவியோடு வால்மோன் அவள் அறைக்குள் போகிறான். நடப்பது வன்முறை, அதற்கு வேறு பெயர் இல்லை. சத்தம் போட்டால் உன் பேர்தான் கெடும் என்று மிரட்டியே காரியம் நடக்கிறது. மறுநாள் அந்தப் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் மெர்த்தோய்க்கு எழுதுகிறாள். நம்பிக்கைக்கு உரியவள் என்று அவளுக்குத் தெரிந்தது அவள் ஒருத்திதான். மெர்த்தோயின் பதில் ஒரு பெரியக்காவின் கேலி மாதிரி இருக்கிறது. இதுக்குப் போயா இப்படி அழறே என்ற தொனி. எனக்கு அந்தப் பதில்தான் முழு நாவலிலும் கொடுமையான பக்கம். ஸ்டீபன் ஃப்ரியர்ஸின் 1988 படத்தில் இந்த இடம் பாதி வேடிக்கையாக எடுக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு விஷயத்தில் படம் தவறியது என்றுதான் நினைக்கிறேன். நாவலில் செசிலின் கடிதமும் தனியாக இருக்கிறது. அவள் குரலை நாம் தாண்டிப் போக முடியாது.

சரி, பொறாமைக்கு வருவோம். இந்த நாவலில் ‘எனக்குப் பொறாமை’ என்று மெர்த்தோய் ஒரு இடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். 81-ஆம் கடிதத்தில் தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். சின்ன வயசிலிருந்தே முகத்தை அடக்கப் பழகியவள். மனசில் வருத்தம் வந்தால் முகத்தில் சந்தோஷம் காட்டவும், வேண்டுமென்றே தன்னை வலிக்க வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் சிரிக்கவும் பயிற்சி எடுத்தவள். தன் பெண்ணினத்துக்காகப் பழிவாங்கவும் ஆண்களை அடக்கவும் பிறந்தவள் என்று பெருமைப்படுகிறாள். இந்தக் கடிதத்தைப் பெண்விடுதலைப் பிரகடனமாகப் படிக்கிறவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கு. பெண்ணுக்குக் கல்வி கிடையாது, தப்பு நடந்தால் பேர் கெடுவது அவளுக்கு மட்டும் என்கிற உலகத்தில் அவள் தானே படித்துத் தானே தன்னை உருவாக்கிக்கொண்டவள். ஆனால் பெண்ணினத்துக்காகப் பழிவாங்குவதாகச் சொல்லும் அவள் கையில் நசுங்குவது யார் யார் என்று பாருங்கள். செசில், செசிலின் அம்மா, தூர்வேல். மூணு பேரும் பெண்கள்.

அதே கடிதத்தில் இன்னொரு கொள்கையும் சொல்கிறாள்: யாருக்கும் கையெழுத்தில் ஆதாரம் தரவே மாட்டேன் என்று. இதை அவள் எழுதுவது எதில்? கடிதத்தில். யாருக்கு? வால்மோனுக்கு. இத்தனை புத்திசாலி ஏன் இந்தத் தப்பைச் செய்கிறாள் என்று யோசித்தால் ஒரே பதில்தான் தோணுது. முகமூடி எவ்வளவு கச்சிதமாக இருக்கோ, அவ்வளவுக்கு அதைக் கழற்றிப் பாராட்ட ஒரு ஆள் தேவைப்படுது. ஊரே ஏமாந்தது என்று ஒருத்தருக்காவது தெரியணும். அந்த ஒருத்தன் வால்மோன். அதனால்தான் அவன் பார்வை வேறொருத்தி மேல் நிலைக்கும்போது அவளால் தாங்க முடியவில்லை. காதலன் போனால் வேறொருத்தன் வருவான். பார்வையாளன் போனால் அவள் நடிப்புக்கு ஆளே இல்லை.

ஆரம்பத்திலேயே மெர்த்தோய் ஒரு பந்தயம் வைத்திருக்கிறாள். தூர்வேலை ஜெயித்துவிட்டு எழுத்தில் ஆதாரம் கொண்டு வா, பரிசாக நான் வருகிறேன். 125-ஆம் கடிதத்தில் வால்மோன் வெற்றியை அறிவிக்கிறான். ஒரு போர்த்தளபதி மாதிரி படை நடத்திய விதத்தையெல்லாம் விவரிக்கிறான். ஆனால் நடுவில் வார்த்தைகள் நழுவுகின்றன. இதுவரை தெரியாத ஒரு சந்தோஷம், அது முடிந்த பிறகும் நீடித்தது என்று எழுதிவிடுகிறான். அப்புறம் அதை மறைக்க ரெண்டு பக்கம் விளக்கம். மெர்த்தோய் படிப்பது அந்த விளக்கத்தை இல்லை, நழுவலை. அவள் பதிலில் ஐஸ் கட்டி மாதிரி ஒரு குளிர்ச்சி. உன் அந்தப்புரத்தில் எத்தனையாவது இடத்தில் என்னை வைத்திருக்கிறாய் என்ற பொருளில் கேட்கிறாள். வேவு பார்க்காமல், யாரும் வந்து சொல்லாமல், வெறும் வாக்கிய அமைப்பிலிருந்தே துரோகத்தைக் கண்டுபிடிக்கிறாள். நல்ல விமர்சகியாக வந்திருக்க வேண்டியவள் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு அவள் செய்வதுதான் மொத்த நாவலின் மையம், 141-ஆம் கடிதம். நேரடியாக அவளை விட்டுவிடு என்று கேட்க மாட்டாள். கேட்டால் பொறாமை வெளியே தெரிந்துவிடும். கதை சொல்கிற மாதிரி ஆரம்பிக்கிறாள். எனக்குத் தெரிந்த ஒருத்தன் தன் தகுதிக்கு ஒவ்வாத ஒரு பெண்ணிடம் மாட்டிக்கொண்டு ஊரார் சிரிப்புக்கு ஆளானான். அவனுடைய தோழி ஒருத்தி இரக்கப்பட்டு அவனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள், இதோ அந்தக் கடிதம் என்று கீழே சேர்த்துவிடுகிறாள். எனக்கு அலுத்துவிட்டது, ஆனால் அது என் தப்பில்லை என்று ஒவ்வொரு பத்தியும் ஒரே பல்லவியில் முடிகிற ஒரு பிரிவுக் கடிதம். வால்மோன் என்ன செய்கிறான்? அதை அப்படியே பார்த்து எழுதி, தூர்வேலுக்கு அனுப்பிவிடுகிறான்.

ஏன் அனுப்பினான்? மிரட்டல் இல்லை, கட்டாயம் இல்லை. ஊர் சிரிக்கும் என்ற ஒரே ஒரு சொல்தான் அவன் மேல் வேலை செய்தது. பெண்களை ஆட்டிவைப்பதில் தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனை, அவனுடைய வீண்பெருமையில் ஒரு நூலைக் கட்டி இழுத்தே காரியத்தை முடித்துவிட்டாள். காரியம் முடிந்த பிறகு அதைச் சொல்லியும் காட்டுகிறாள்: நான் ஜெயித்தது அந்தப் பெண்ணை இல்லை, உன்னை. ஒருவனைப் பொம்மையாக்கிவிட்டு, பொம்மை என்று அவனிடமே சொல்வது. அந்தத் திருப்திக்காக அவள் தன் ஒரே கூட்டாளியை இழக்கிறாள். அடுத்து வால்மோன் இறுதி எச்சரிக்கை எழுத, அதே தாளின் அடியில் போர்தான் என்று ரெண்டு மூணு சொல்லில் பதில் எழுதி அனுப்புகிறாள்.

போர் சீக்கிரம் முடிகிறது. இதற்குள் மெர்த்தோய் தான்சனியைத் தன் வலையில் போட்டிருக்கிறாள். வால்மோன் அவனைப் பழையபடி செசில் பக்கம் திருப்பி அவளை அவமானப்படுத்துகிறான். அவள் தான்சனியிடம் செசிலுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறாள். வாள்சண்டை. வால்மோன் சாகிறான், சாகுமுன் மெர்த்தோயின் கடிதக் கட்டைத் தான்சனியிடம் கொடுத்துவிடுகிறான். தூர்வேல் அந்தப் பிரிவுக் கடிதத்துக்குப் பிறகு கன்னிமாடத்தில் போய்ப் படுத்தவள், காய்ச்சலில் பிதற்றி ஒரு கடிதம் சொல்லி எழுத வைக்கிறாள். 161-ஆம் கடிதம். அதற்கு முகவரியே இல்லை. ஒரு வரி கணவனை நோக்கி, ஒரு வரி காதலனை நோக்கி, ஒரு வரி தோழிகளை நோக்கி என்று அலைகிறது. 175 கடிதங்களில், யாரையும் குறிவைக்காமல், யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ள நினைக்காமல் எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

இங்கேதான் எனக்கும் படத்துக்கும் பெரிய தகராறு. வால்மோன் தூர்வேலை உண்மையிலேயே காதலித்தானா?

ஃப்ரியர்ஸ் படம் ஆமாம் என்கிறது. ஜான் மால்கோவிச் பனியில் ரத்தம் சொட்டச் சாகும்போது தான்சனியிடம் அவளுக்கொரு சேதி சொல்லி அனுப்புகிறான். தான்சனி போய்ச் சொல்கிறான். மிஷெல் ஃபைஃபர் அதைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுகிறாள். பார்க்கும்போது தொண்டை அடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். 1999-இல் நியூயார்க் பணக்காரப் பிள்ளைகளின் கதையாக வந்த ‘க்ரூயல் இன்டென்ஷன்ஸ்’ இன்னும் ஒரு படி போய் அவனைத் தியாகியாகவே ஆக்கிவிட்டது. தழுவல்களில் எனக்குப் பிடித்தது 2003-இல் வந்த கொரியப் படமான ‘அன்டோல்ட் ஸ்கேண்டல்’. கதையை ஜோசோன் காலத்துக்குக் கொண்டுபோய், தூர்வேலை ஒரு கத்தோலிக்க விதவையாக மாற்றியிருப்பார்கள். கத்தோலிக்கமே ஆபத்தாக இருந்த காலம் அது, அதனால் அவள் பக்திக்கு ஒரு துணிச்சலும் சேர்ந்துவிடுகிறது. அங்கேயும் கடைசியில் காதல் என்று ஆகிவிடுகிறது.

நாவல் இதைச் செய்யவில்லை. செய்யவில்லை என்பதைவிட, செய்ய மறுக்கிறது. பிரிவுக் கடிதத்துக்குப் பிறகு வால்மோன் செசிலின் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான், தன் விரக்தியைச் சொல்லி, தூர்வேலுக்குத் தன் சேதியைச் சேர்க்கச் சொல்லி. அந்த அம்மா அதை 154-ஆம் கடிதத்தோடு வைத்து வால்மோனின் அத்தைக்கு அனுப்பி, இந்த விரக்தியை நம்புவதா வேண்டாமா என்று கேட்கிறாள். அடியில் ‘தொகுப்பாசிரியர்’ குறிப்பு: இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய எதுவும் மீதிக் கடிதங்களில் கிடைக்காததால் வால்மோனின் அந்தக் கடிதத்தை நீக்கிவிட்டோம். அதாவது, ஆம் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே தாளை லாக்லோ கையில் எடுத்துக் காட்டி, நம் கண் முன்னாலேயே கிழித்துப் போடுகிறார்.

இது வெறும் விளையாட்டா? எனக்கு அப்படிப் படவில்லை. 56 லீவ்ரை நினைத்துப் பாருங்கள். அந்த ஏழைக் குடும்பத்தின் முன்னால் அவன் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவனை அடுத்த பொய்யிலிருந்து ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. தூர்வேல் விஷயத்திலும் அவனுக்கு உள்ளே ஏதோ இருந்திருக்கலாம். இருந்தும் அந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதினான், மடித்தான், அனுப்பினான். உள்ளே காதல் இருந்தது என்று தெரிந்துவிட்டால் நாம் அந்தக் கையை மன்னித்துவிடுவோம். நாவல் அந்த வாய்ப்பைத் தர மாட்டேன் என்கிறது.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். தமிழ் இணைய நாவல்களில் இப்போது ‘ஆன்ட்டி ஹீரோ’ என்று தனி வகையே ஓடுகிறது. நாயகன் அவளைக் கடத்துவான், அடைத்து வைப்பான், அவள் குடும்பத்தை மிரட்டுவான். பத்தாவது அத்தியாயத்தில் அவன் மனசுக்குள்ளே ஒரு பக்கம் நமக்குத் திறந்து காட்டப்படும், எல்லாம் காதலால்தான் என்று. பின்னூட்டத்தில் பாதிப் பேர் உருகுவார்கள். அந்த ஒரு பக்கம்தான் அந்த வகைக் கதைகளின் அச்சாணி. லாக்லோ நீக்கியது சரியாக அந்தப் பக்கத்தைத்தான். உருகுபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஃபைஃபர் கண் மூடும்போது நானும் உருகியவன்தான். ஆனால் அந்தப் பக்கத்தை யார் எழுதுகிறார்கள் என்று பார்க்கணும். அடிபட்டவள் எழுதுவதில்லை, அடித்தவன் சார்பாக ஆசிரியர் எழுதித் தருகிறார்.

தண்டனைப் பகுதி நாவலில் பலவீனமானது. மெர்த்தோயின் ரெண்டு கடிதங்கள் ஊரில் கைக்குக் கை போகின்றன. நாடக அரங்கில் எல்லாரும் அவளைவிட்டு விலகி உட்கார்கிறார்கள், கூச்சல் போடுகிறார்கள். இதுவரை சரி. பிறகு அவளுக்குப் பெரியம்மை, ஒரு கண் போகிறது, வழக்கும் தோற்கிறது, வைரங்களை எடுத்துக்கொண்டு ஹாலந்துக்கு ஓடிவிடுகிறாள். கடைசி நேரத்தில் நீதிபோதனைக்குப் பயந்து அவசரமாக ஒட்டின மாதிரி இருக்கும். படம் இங்கே புத்திசாலித்தனம். அம்மையை விட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் க்ளென் க்ளோஸ் முகப்பூச்சைத் துடைக்கும் காட்சியோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் அரங்கக் காட்சியில் நாவல் வைத்திருக்கும் ஒரு விஷயத்தைப் படம் விட்டுவிட்டது. மெர்த்தோய்க்குக் கூச்சல் கிடைத்த அதே மாலை, அதே இடத்தில், ப்ரேவான் என்ற பெண்பித்தனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. முன்பு அவள் பொறி வைத்து அவமானப்படுத்தியவன். ஊருக்கு இப்போது அவன் அப்பாவி. மூணு பெண்களை அடுத்தடுத்துக் கெடுத்த ஆள் என்பது எல்லாருக்கும் தெரிந்தும் கைதட்டுகிறார்கள். லாக்லோ இதில் ஒரு அபிப்பிராயமும் சொல்வதில்லை. செசிலின் அம்மா சும்மா ஒரு செய்தியாக எழுதிவிட்டுப் போகிறாள்.

லாக்லோவைப் பற்றி ஒரு சின்னத் தகவல். இவ்வளவு விஷத்தை எழுதியவர் அடுத்த வருஷமே பெண் கல்வி பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தார். 1786-இல் திருமணம், போர்முனையிலிருந்து மனைவிக்கு எழுதிய அவருடைய கடிதங்கள் இருக்கின்றன, அவ்வளவு பாசமானவை. 1803-இல் இத்தாலியின் தரந்தோவில் நெப்போலியனின் படைத்தளபதியாக இறந்தார். வேறு நாவல் எழுதவில்லை.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. வால்மோன் செத்தாகிவிட்டது. தூர்வேல் செத்தாகிவிட்டது. செசில் கருக்கலைந்து, கன்னிமாடத்துக்கே திரும்பிவிட்டாள். தான்சனி மால்ட்டாவுக்குப் போகிறான். மெர்த்தோய் ஒற்றைக் கண்ணோடு ஹாலந்தில். யாருக்காக இதெல்லாம் ஆரம்பித்ததோ, அந்த ஜெர்கூர்?

அவன் முழு நேரமும் தன் படைப்பிரிவோடு கோர்சிகா தீவில் இருக்கிறான். நாவலில் அவன் எழுதியதாக ஒரே ஒரு கடிதம் உண்டு, 111-ஆவது. பஸ்தியாவிலிருந்து, வருங்கால மாமியாருக்கு. ரொம்ப மரியாதையாக, இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இத்தாலியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமா, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான். அந்தக் கடிதத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவன் பெயரில் ஒரு வீடே பற்றி எரிகிறது. அவனுக்கு இத்தாலியில் எந்த ஊரை முதலில் பார்ப்பது என்று யோசனை. கடைசியில் செசிலின் அம்மா, என் பெண் ஏன் கன்னிமாடத்தை விட்டு வர மாட்டேன் என்கிறாள் என்றே புரியாமல், ஜெர்கூருக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதிவிடவா என்று கேட்கிறாள். எண்பது தாண்டிய அத்தை, எல்லாக் கடிதங்களையும் படித்து முடித்தவள், காரணம் கேட்காமல் அப்படியே செய்துவிடுங்கள் என்கிறாள். அப்படி ஒரு கடிதம் கோர்சிகாவுக்குப் போயிருந்தால், நாலு வரி வருத்தம், ரெண்டு வரி மரியாதை இருந்திருக்கும். தொகுப்பில் அது சேர்க்கப்படவில்லை.